ஏணி, மல்லிகை, தயிர், கிணறு, செருப்பு

ஜூலை 8, திங்கள்

"ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்டேன்.

மாராத்தாக்கா யோசிக்கவே இல்லை. "ரெண்டும் எங்கிட்ட இல்லீங்க அம்மிணி."

'இரண்டும் வாகனங்கள்' என்று சொன்னால்தான் மதிப்பெண். பூஜ்யம் போட்டேன். வாழைப்பழத்துக்கும் ஆரஞ்சுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டேன். "ரெண்டும் ஆசுபத்திரிக்கு வாங்கிட்டுப் போறது" என்றார். அதற்கும் பூஜ்யம். போடும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மறதி நோய் தொடங்குகிறதா என்று பார்க்கும் பரீட்சை இது. வெளிநாட்டில் பிறந்தது. யாரோ அதைத் தமிழில் பெயர்த்து, 'வெல்வெட்டு, தேவாலயம், டெய்சிப் பூ' என்று நினைவில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோபியில் டெய்சிப் பூவை நானே பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பட்டம் வாங்கியவர்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தும்படி இதைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால் டாக்டர் ஷெரினும் நானும். ஷெரினுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. கண்டிப்பு அந்த அளவுக்கு அதிகம்.

"அக்கா, நீங்க சிரிக்கிறதப் பாத்து அவங்க இன்னும் தப்பாச் சொல்றாங்க" என்றாள்.

மாராத்தாக்கா அம்மா வீட்டுக்கு எதிர்வீடு. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மஞ்சள் வேக வைக்கும் களத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். போகும்போது, "பாசாயிட்டனா?" என்று கேட்டார். பழைய தாளின்படி அவருக்கு மறதி நோய்.

ஜூலை 11, வியாழன்

புனேவிலிருந்து தம்பி செங்குட்டுவன் பேசினான். கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கான குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். லிஃப்ட், நர்ஸ், மூலிகைத் தோட்டம், பஜனை மண்டபம். அம்மாவை அங்கே சேர்த்துவிட்டு வாய்க்கால் வீதி வீட்டைப் பூட்டிவிடலாம் என்கிறான்.

"அம்மா நல்லாத்தான்டா இருக்காங்க."

"எதை வெச்சுச் சொல்ற? உங்கிட்டதான் பரீட்சை இருக்கில்ல, வெச்சுப் பாரு. நல்ல மார்க் வாங்கினா நான் வாயத் தொறக்கல. வாங்கலைன்னா தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

சரி என்றேன். ஊருக்கே பரீட்சை வைத்த என் அம்மா, நாகரத்தினம் டீச்சருக்கே பரீட்சையா!

சாயங்காலம் போனபோது ஃப்ரிட்ஜில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. வெயில் அப்படி. யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

ஜூலை 20, சனி

என் வீட்டில் மகனுடைய புத்தகங்கள் மேசையை அடைத்துக் கிடப்பதால் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தாளைத் திருத்துகிறேன். அம்மா சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். 'பின்வருவனவற்றைச் செவிமடுத்து' என்று எழுதியிருந்தேன். "யார்றீ செவிமடுக்கறது? 'கேளுங்க'ன்னு எழுது" என்று அடித்தாள்.

நினைவில் வைக்க வேண்டிய ஐந்து வார்த்தைகளையும் அவளே தேர்ந்தெடுத்தாள். ஏணி, மல்லிகை, தயிர், கிணறு, செருப்பு. எல்லார் வீட்டிலும் இருப்பவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அருமையான தேர்வு.

கனசதுரம் வரையச் சொல்லும் கேள்விக்குப் பதில் புள்ளிக்கோலம் வைத்துப் பார்த்தேன். பெண்கள் கையைத் தட்டினார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் தாசப்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அம்மிணி, இத நான் போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு வாசலையும் என்னையத்தான் கூட்டச் சொல்லுவா." கோலம் ரத்து. தீக்குச்சிகளை நான் அடுக்கிக் காட்டுவது போல அடுக்க வேண்டும் என்று மாற்றினேன். அழகாக அடுக்கினார். அடுக்கி முடித்துக் குச்சிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை, நூறு ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய் டிக்கெட் வாங்கினால் மீதி என்ன என்று மாற்றிக் கேட்டேன். தாசப்பன் பாதியில் நிறுத்தி, "சில்லறையாக் குடுத்தா என்னங்க?" என்றார்.

மாராத்தாக்காவுக்குத் திருத்திய தாளில் முப்பதுக்கு இருபத்தேழு. ஜூலையில் மறதி நோயாளி, ஜூலையிலேயே குணம்!

ஜூலை 28, ஞாயிறு

அம்மாவுக்குப் பரீட்சை வைத்தேன். முப்பதுக்கு முப்பது. ஐந்து வார்த்தைகளை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

செங்குவுக்கு உடனே போன் போட்டேன். "ரொம்ப சந்தோஷம்" என்றான், சந்தோஷமே இல்லாமல்.

தாளைத் தயாரிக்கும்போது அவள் பக்கத்தில் இருந்ததை அவனிடம் சொல்லவில்லை. கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே கொடிவேரி அணையில். பரீட்சைக்கு யாரும் வரவில்லை. அம்மா கலந்த சாதம் கட்டிக் கொடுத்தாள். எலுமிச்சைச் சாதத்தில் உப்பு இல்லை. தயிர்ச் சாதத்தில் இரண்டுக்குமானது இருந்தது. மொத்தத்தில் கணக்குச் சரியாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஷெரின் கணினியில் ஏதோ வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா, வாய்க்கால் வீதித் தண்ணில என்ன கலக்கறாங்க?"

மற்ற வீதிகளில் மதிப்பெண் மேலும் கீழுமாக இருக்கிறது. வாய்க்கால் வீதியில் பள்ளிக்கூடம் போகாதவர், பெரிய படிப்பு படித்தவர், காது கேட்காதவர், எல்லாருக்கும் இருபத்தொன்பது, முப்பது. ஷெரின் வேண்டுமென்றே தன்னையே சோதித்துப் பார்த்தாளாம். அவளுக்கு இருபத்தெட்டு.

"உங்க அம்மா இருக்கற வீதிதான அது?"

ஆமாம் என்றேன். காற்றோட்டமான வீதி என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கேள்வித்தாள் அவுட்!

அம்மா வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே கூடத்தில் ஏழெட்டுப் பேர், தரையில் வரிசையாக, முதல் வரிசையில் மாராத்தாக்கா. சுவரில், நான் பத்தாவது படித்தபோது மாட்டிய கரும்பலகை. அம்மா கையில் அடிஸ்கேல்.

"ஏணி!"

"ஏணி!"

"மல்லிகை!"

"மல்லிகை!"

"சத்தம் பத்தலை. கடைசி வரிசைல வாய் மட்டும் அசையுது."

கடைசி வரிசையில் தாசப்பன். "டீச்சர், அந்த ரயில் சைக்கிள் கேள்விய மட்டும் சாய்ஸ்ல உட்டர்லாமுங்களா?"

"சாய்ஸ் எல்லாம் கெடையாது. எல்லாம் கட்டாய வினா."

எனக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. வந்தபோது நன்றாகவே வந்தது. இரண்டு மாத உழைப்பு, ஆராய்ச்சி, ஷெரினின் முகம். எல்லாவற்றையும் சொன்னேன். "இது பரீட்சை இல்லம்மா. ரத்தம் எடுத்துப் பாக்கற மாதிரி. இதுக்குப் போய் யாராச்சும் படிப்பாங்களா?"

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நீ பேரீச்சம்பழம் திங்கலையா?" என்றாள் அம்மா. "முப்பது வருஷம் வாத்தியார் வேலை பாத்திருக்கேன். பரீட்சைன்னு ஒண்ணு வெச்சா புள்ளைங்க படிக்கத்தான் செய்யும். ஒரே கேள்வித்தாள மாத்தாம வெச்சுட்டுச் சுத்தறது உன்ற தப்பு."

வகுப்பு முழுதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஆய்வாளர் முன்னால் மாட்டிக்கொண்ட ஆசிரியை போல நான் நின்றேன். காபி கொடுத்தார்கள். அம்மா எனக்கு இரண்டு முறை கொடுத்தாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஷெரினிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய்க்கால் வீதியின் தாள்களையெல்லாம் தனியாக எடுத்து ஓரமாக வைத்தாள். அம்மாவுடையதும் அதில்தான் இருந்தது. இனி வேறு வார்த்தைகளோடு 'ஆ' தாள் என்று இன்னொன்றும் வேண்டும். வார்த்தைகளை நான் மட்டும், என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். அம்மாவைப் பார்க்கப் பழைய மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் மாவு மில் வைத்திருப்பவர். அம்மா எல்லாரையும் "வா கண்ணு", "உக்காரு கண்ணு" என்றாள். மாவு மில்காரர் கண் கலங்கிவிட்டார். "என்னைய எப்பவும் இன்ஷியலோட 'கே. பொன்னுராசு'ன்னு அதட்டித்தானுங்க கூப்புடுவாங்க. இன்னைக்குக் கண்ணுங்கறாங்க."

உண்மைதான். வருகைப் பதிவேடு வாசிப்பது போலத்தான் அம்மா ஆட்களைக் கூப்பிடுவாள். என்னையே கோபம் வந்தால் 'எஸ். வளர்மதி' என்பாள். இப்போது பால்காரர் கண்ணு, மாராத்தாக்கா கண்ணு, நான் கண்ணு. வயதாக ஆக மனிதர்கள் கனிந்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 14, சனி

செங்கு மறுபடியும். "அக்கா, அம்மா ஒரே போன்ல மூணு வாட்டி சாப்ட்டயான்னு கேக்கறாங்க."

"அம்மான்னா அப்படித்தான்டா கேப்பாங்க."

"மூணு வாட்டியும் முதல் வாட்டி மாதிரியே கேக்கறாங்க."

இந்த முறை நான் சோதிக்கக் கூடாதாம். டாக்டர்தான் சோதிக்க வேண்டும். முடிவை அவனுக்கு டாக்டரே சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை நாள் குறித்தாயிற்று. 'ஆ' தாளில்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஒரு விஷயம் பல்லில் மாட்டிய பாக்குத் துணுக்குப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. மாராத்தாக்கா ஜூலையிலேயே இருபத்தேழு வாங்கியவர். அவருக்கு எதற்கு டியூஷன்?

நான் சத்தம் போட்ட பிறகும் வகுப்பு நிற்கவில்லை. நேரத்தோடு போய், செருப்பைக் கழற்றாமல் ஜன்னலோரமாக நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றும் சொல்லலாம்.

"டீச்சர், பூவுக்கு அப்பறம் என்னமோ வருமே. மறந்துபோச்சுங்களே" என்றார் மாராத்தாக்கா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"மோராட்டம் என்னமோ ஒண்ணுங்க" என்றார் தாசப்பன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"தயிர்!" அம்மாவின் குரலில் அப்படி ஒரு வெற்றி. "எத்தனை வாட்டி சொல்லிக் குடுக்கறது உங்களுக்கு!"

"எங்க மண்டைல என்னங்க நிக்குது" என்று மாராத்தாக்கா எழுந்து, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனார். அடுப்பில் பால் சுண்டிக் கருகும் நிலையில் இருந்ததை ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். அணைத்தார். சிலிண்டரையும் மூடினார். தண்ணீர் குடிக்கவில்லை. கூடத்தில் தாசப்பன் தன் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். "டீச்சர், ஒத்தையா முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. தொணைக்கு நீங்களும் உங்களுத ஒண்ணு போடுங்க."

அம்மா போட்டுக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்த மாராத்தாக்காவை வாசலில் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப இருந்து அக்கா?"

"சித்திரைல ஒரு நா, நம்ம வீதி முக்குல நின்னுட்டு இருந்தாங்க. எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல. தாசப்பண்ணன்தான் 'நானும் அக்கட்டாலதான் போறனுங்க டீச்சர்'னு பேசிட்டே கூட்டியாந்து உட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டீச்சரு சொல்ல வேண்டாம்னாங்க. பையன் வந்து வெளியூருல சேத்திருவான்னு பயந்துட்டாங்க. உன்ற பரீட்சை வருதுன்னதும், எல்லாரும் வாங்க, நாஞ் சொல்லித் தர்றேன்னாங்க. சொல்லிக் குடுத்தாத்தான அவியளுக்கு நெனப்பு நிக்குது." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "அவிய மறக்கறது வெளிய தெரியக் கூடாதுன்னா, நாங்களும் மறக்கோணுமில்ல அம்மிணி."

வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணு. கண்ணு. கண்ணு. பெயர் வராதபோது சொல்வதற்கு இதைவிட நல்ல வார்த்தை தமிழில் இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மாராத்தாக்கா வெண்டைக்காய் கொண்டுவரும் சாக்கில் வீட்டுக்கே வந்தார். "புதுத் தாளு ரெடியா?" என்றார். "அஞ்சே வார்த்தை. சொல்லு சாமி. ரெண்டு நாள்ல ஏத்திப்புடலாம்."

வார்த்தைகள் என் நாக்கு நுனியில் இருந்தன.

செப்டம்பர் 20, வெள்ளி

சொல்லவில்லை. வெண்டைக்காயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 21, சனி

அம்மா வெள்ளைச் சுங்குடிச் சேலை கட்டி, கைக்கடிகாரம் போட்டு, மாணவி போல நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நான் அறையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது.

"டீச்சர், நான் அஞ்சு வார்த்தை சொல்லுவேன். சீப்பு..."

"ஏணி, மல்லிகை, தயிர், கிணறு, செருப்பு!" ஒரே மூச்சில். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். பார்த்தாயா என்பது போல.

ஷெரின் மெதுவாகச் சொன்னாள். "இல்ல டீச்சர், இது வேற. சீப்பு, வாழை, பானை, குருவி, கம்பளி."

"உங்க தாள்ல பிழை இருக்கு. நான் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்."

பிறகு ஷெரின் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். அம்மா ஒரு கணம்தான் தடுமாறினாள். உடனே நிமிர்ந்து, அடிஸ்கேல் இல்லாத கையை நீட்டி, "எங்க, நீ சொல்லு பாக்கலாம் கண்ணு" என்றாள்.

"சனிக்கிழமை" என்றாள் ஷெரின்.

"வெரி குட்."

ஷெரின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டேன். சிரிப்பு மட்டும்தான் வந்தது என்று எழுத ஆசை.

பதினாறு.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "எவ்வளவு?"

"பாஸ்ம்மா."

"கிளாஸ் பர்ஸ்ட்டா?"

அக்டோபர் 9, புதன்

நரம்பியல் மருத்துவர் ஆரம்ப நிலை என்றார். மாத்திரை கொடுத்தார். பழகின இடம் நல்லது, ஆனால் தனியாக இருக்கக் கூடாது என்றார். 'தனியாக' என்ற சொல்லை எப்படி அளப்பது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஷெரின் எல்லாவற்றையும் செங்குவிடம் சொல்லிவிட்டாள். மருத்துவர் சொன்னதை நானும் சொன்னேன். அவன் தீபாவளிக்குக் காரில் வருகிறான். காலிப் பெட்டிகளோடு.

நான் இரவு அம்மா வீட்டில் படுத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், நம்ப முடியவில்லை.

வேலையில் ஒரு மாற்றம். தாளோடு ஒரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறேன். சோதிக்கப்படுகிறவரை அன்றாடம் பார்க்கும் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: அடுப்பு, மாத்திரை, வழி, பெயர். "வீட்டு ஆளுகிட்டயா கேக்கறது?" என்றாள் ஷெரின். எதிர்வீட்டு ஆளிடமும் என்றேன். வீட்டு ஆட்கள் உப்புக் கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். 'ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போவது' என்றால் ஒரு மதிப்பெண் தரலாம் என்றும் ஷெரின் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்றுத் தீபாவளி. இன்று காலை செங்கு காலிப் பெட்டிகள் இரண்டையும் கூடத்துக்குக் கொண்டுவந்தான். அம்மா அவற்றைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "யாரு ஊருக்குப் போறாங்க?" என்றாள்.

மாராத்தாக்காவும் தாசப்பனும் அதிரசத் தூக்குவாளியோடு வந்தார்கள். மாராத்தாக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செங்குவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, டீச்சரக் கூட்டிட்டுப் போறது உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை எழுதோணும். அம்மிணி எங்க எல்லார்த்துக்கும் வெச்சுது. உங்களுக்கு மட்டும் வெக்கல."

செங்கு என்னைப் பார்த்தான். நான் அதிரசத்தைப் பார்த்தேன்.

"அஞ்சு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. ஏணி, மல்லிகை, தயிர், கிணறு, செருப்பு. இருக்கட்டும். இப்ப, இது என்ன வீதி?"

"வாய்க்கால் வீதி."

"சரி. என்ற பேரு என்ன?"

"மாரியம்மாக்கா."

தாசப்பன் உச்சுக் கொட்டினார்.

"டீச்சரு ராத்திரி எத்தன மாத்திரை போடறாங்க?"

"ரெண்டு... மூணு?"

"ராத்திரி மயக்கம் வந்து உழுந்துட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஆம்புலன்ஸ் கூப்பிடுவேன்."

"அது வரங்காட்டியும் யாரு தூக்கறது?"

செங்கு கேள்விக்குப் பதில் தேடி அறை முழுக்கப் பார்த்தான். கண் தாசப்பனிடம் போய் நின்றது.

"இன்னைக்குத் தமிழ் மாசம் என்ன?"

"அக்கா, இதெல்லாம் என்ன..."

"ஐப்பசி. தெரியல, எழுதிக்கோங்க தாசப்பண்ணா."

தாசப்பன் உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டார். "இந்த மார்க்குக்கு இவரத் தனியா உட முடியாதுங்க. எங்காச்சும் நல்ல எடமாப் பாத்துச் சேத்தோணும். லிப்ட் வெச்ச எடமா."

எனக்குப் புரையேறியது. செங்குவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"பொறுங்க, அஞ்சு வார்த்தை பாக்கி இருக்குது" என்றார் மாராத்தாக்கா. "சொல்லுங்க தம்பி."

"ஏணி. மல்லிகை." நின்றுவிட்டான். "மல்லிகை..."

அம்மா அதுவரை ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, குனிந்து, காதருகே சொன்னாள்.

"தயிர். கிணறு. செருப்பு."

"தயிர், கிணறு, செருப்பு" என்றான் செங்கு.

"டீச்சர்!" என்றார் தாசப்பன். "பிட்டுக் குடுக்கக் கூடாதுங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?"

காப்பியடித்தால் தாளைக் கிழித்துப் போடும் நாகரத்தினம் டீச்சர், எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு புறங்கையைச் செங்குவின் நெற்றியில் வைத்தாள்.

"பாவங்க. நல்லாப் படிக்கிற பையன். நேத்துப் பூராம் காய்ச்சல்." கையை எடுக்கவில்லை. "இல்லையா கண்ணு?"

அது குசும்பா, நிஜமாகவே அப்படி நினைத்தாளா, எனக்குத் தெரியவில்லை. எந்தத் தாளிலும் அதற்குக் கேள்வி இல்லை. செங்கு என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. அவன் நெற்றியை அந்தக் கையில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான்.

"ஆமாங்க டீச்சர்" என்றான். "லேசா இருந்துச்சு."

மாராத்தாக்கா தூக்குவாளியைத் திறந்து அவன் கையில் ஒரு அதிரசம் வைத்தார். "அப்பச் சரி. பொங்கலுக்கு மறுபடியும் பரீட்சை. அது வரைக்கும் டீச்சரு இங்கயே இருக்கட்டும். உங்களுக்குச் சொல்லித் தர ஆளு வேணுமில்ல."

பெட்டிகளைக் காலியாகவே அவன் காருக்குத் தூக்கிப் போனபோது ஒரே கையில் இரண்டையும் எடுத்துப் போனான்.